ஏலக்காரர் வாய் மூடிய ஊர்

ஜூன் 2

மலைக்காரருக்கு,

வழக்கம்போல மேல்வழி பஸ் டிரைவரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். கடைசி நிறுத்தத்தில் சாமான் ஜீப்காரரிடம் ஒப்படைப்பார். நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் ஜீப்காரர் கண்டுபிடித்துவிடுவார். அங்கே போன் எடுக்காது என்று ஒவ்வொரு சீசனும் சொல்கிறீர்கள். எடுக்காதவரைக்கும் நிம்மதி என்று மனதுக்குள் நினைப்பதையும் ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். நான் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். இந்தத் தடவை நீங்கள் மலைக்குக் கூட்டிப்போகும் கூட்டத்தில் என் அண்ணன் வருகிறான்.

ஆமாம், அதே அண்ணன்தான். "மலையில மூட்டை தூக்குறவனுக்கா என் தங்கச்சியைக் குடுக்கணும்?" என்று கேட்டுவிட்டு நம் கல்யாணத்துக்கு வராமல் இருந்தவன். அதற்கப்புறம் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன். நேற்று அண்ணி போன் செய்தாள். பழைய வண்டிகளை ஏலம் விடுகிற தொழிலை இந்த வருஷத்தோடு பையனிடம் விட்டுவிடப் போகிறானாம். அதற்கு முன்னால் ஒரு பெரிய மலை ஏறியே தீருவேன் என்று சந்தை முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டானாம். இந்த வயதில் இது தேவையா என்று அண்ணி கேட்டிருக்கிறாள். "கைடு யாருன்னு பாத்தியா?" என்று உங்கள் கம்பெனி காகிதத்தை எடுத்து நீட்டினானாம். புரிகிறதா? தெரிந்துதான் வருகிறான்.

அப்புறம் அண்ணி போனை அவன் கையில் திணித்துவிட்டாள். "நல்லா இருக்கியா?" என்றான், ஏதோ நேற்றுத்தான் பேசிவிட்டு வைத்த மாதிரி. நான் ம் என்றேன். "மேல ஏறி இறங்கிட்டு உன் வீட்டுக்கு வரேன். சாப்பாடு போடுவியா?" என்று கேட்டான்.

"போறப்பவே வாயேண்ணா. வழியிலதானே இருக்கு?"

"ஏறாம வந்தா உன் வீட்டுக்காரர் முன்னால எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உக்காருவேன்?"

அவ்வளவுதான், வைத்துவிட்டான். அவன் குணம் அப்படி. தோற்றுப்போய் ஒருத்தர் வாசலை மிதிக்க மாட்டான். அதனால்தான் கேட்கிறேன். எப்பாடு பட்டாவது அவனை உச்சிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். பஸ் நிலையத்தில் விசாரணை ஜன்னலில் உட்கார்ந்து நாள் முழுக்க ஊரார் கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறவள் நான். உங்களிடம் நான் கேட்பது இந்த ஒன்றுதான். கூடப் பிறந்தவனோடு பேசாமல் இருப்பதும் ஒரு வேலைதான். தினமும் செய்து செய்து எனக்கு அலுத்துவிட்டது.

முழங்காலுக்குத் தைலம் உங்கள் பையின் பக்கவாட்டில் வைத்திருக்கிறேன். தேடாமல் எடுத்துப் போடுங்கள்.

நான்தான்.


ஜூன் 5
ஆற்றங்கரை ஊர்

விசாரணைக்காரிக்கு,

உன் கடிதம் வருவதற்குள் உன் அண்ணனே வந்து சேர்ந்துவிட்டார். வேனிலிருந்து அவர் இறங்குவதற்கு முன்னால் குரல் இறங்கிவிட்டது. அவரோடு ஒரு பல் டாக்டர், அவர் மனைவி, வங்கியில் வேலை பார்க்கும் மூன்று பையன்கள். உன் அண்ணன் என்னை உச்சி முதல் உள்ளங்கால் வரைக்கும் பார்த்தார். பிறகு, "கைடு நீங்கதானா? பரவாயில்ல, ஓடுற கண்டிஷன்லதான் இருக்கீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அதற்கும் சேர்த்துத்தானே சம்பளம்.

இந்த ஊரில் வழக்கமான சுற்றல். பழைய கடிகாரங்கள் வைத்திருக்கும் மியூசியம், தண்ணீரில் ஓடும் மாவு மில், பாலம், பின்பக்கத்துக் குன்று. பகலில் குன்றின்மேல் ஏற்றிவிட்டு, தூங்குவதற்குக் கீழே கொண்டுவந்துவிடுவேன். "நாங்க மலை ஏற வந்தோமா, மியூசியம் பாக்க வந்தோமா?" என்று வங்கிப் பையன் ஒருத்தன் கேட்டான். எல்லாக் கூட்டத்திலும் இப்படி ஒருத்தன் இருப்பான். மேலே காற்று லேசு, உடம்பு அதற்குப் பழக நாளாகும், சும்மா அறையில் உட்கார் என்றால் யாரும் உட்கார மாட்டார்கள், அதனால்தான் ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று எல்லாக் கூட்டத்துக்கும் சொல்வதையே அவனுக்கும் சொன்னேன். மீதிப் பாதியை அவர்களிடம் சொல்வதில்லை. அவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், நான் அவர்களைப் பார்ப்பேன். யார் முதலில் பெஞ்சைத் தேடுகிறார்கள், யாருக்குச் சிரிப்பு ஒரு நொடி தாமதமாக வருகிறது, யார் தட்டில் சாப்பாடு மிஞ்சுகிறது. தலைவலி இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். காசு கட்டி வந்தவர்கள் வேறு என்ன சொல்வார்கள்?

உன் அண்ணனைப் பொறுத்தவரை கவலையே இல்லை. மியூசியத்தில் ஆளுயரக் கடிகாரத்துக்கு முன்னால் நின்று, "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று ஏலம் விட்டார். காவலாளி ஓடி வந்துவிட்டார். காவலாளியின் நாற்காலிக்கும் ஒரு விலை சொன்னார். மாவு மில்லுக்கும் சொன்னார். ராத்திரி இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுப் பல் டாக்டருக்குப் பல்லைப்பற்றிப் பாடம் எடுத்தார்.

என்னை மட்டும் நாள் முழுக்கக் கைடு, கைடு. எல்லோருக்கும் முன்னால், "இவரு எனக்குத் தூரத்துப் பழக்கம்" என்று ஒரு வார்த்தை. தூரத்துப் பழக்கமாம். நான் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து குடித்தேன்.

எப்பாடு பட்டாவது என்று எழுதியிருக்கிறாய். இது பஸ் இல்லையம்மா, டிக்கெட் எடுத்தவரையெல்லாம் கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிடுவதற்கு. உடம்பு ஒத்துக்கொண்டால் போவார். இல்லாவிட்டால் இல்லை. இதை உனக்கே நான் எழுத வேண்டியிருக்கிறதே என்றுதான் சலிப்பாக இருக்கிறது. முழங்காலும் சரியில்லை. அந்தக் கடிகாரத்தைப்பற்றி நான் சொல்லும் ஜோக்குக்கு எனக்கே கொட்டாவி வருகிறது.

தைலம் கிடைத்தது.


ஜூன் 7

மலைக்காரருக்கு,

பஸ் இல்லை, டிக்கெட் இல்லை என்கிற பாடமெல்லாம் எனக்கு வேண்டாம். நான் ஒன்றும் அவனைத் தோளில் சுமந்துகொண்டு போய் உச்சியில் நட்டுவிட்டு வரச் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுமையாக, கூடக் கொஞ்சம் கவனமாக என்றுதான் கேட்டேன். அதற்கு ஒரு பக்கம் புலம்பல்.

இங்கே எல்லாப் பஸ்ஸுக்கும் நம்பரை மாற்றிவிட்டார்கள். ஜனங்கள் பழைய நம்பரைச் சொல்லிக் கேட்கிறார்கள், நான் புது நம்பரைச் சொல்கிறேன், அவர்கள் என்னைத்தான் திட்டுகிறார்கள். நான்தான் ராத்திரியோடு ராத்திரியாக உட்கார்ந்து மாற்றினேன் பாருங்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்கவே பிடிப்பதில்லை. திறந்தாலும் கேட்க யார் இருக்கிறார்கள்? வருஷத்தில் பாதி நாள் குழாய் ஒழுகுவதைச் சொல்வதற்குக்கூட எனக்கு ஆள் கிடையாது.

தூரத்துப் பழக்கம் என்று சொன்னானா? சொல்லுவான். அவன் அப்படி ஒரு வார்த்தை விட்டால் ஆழம் பார்க்கிறான் என்று அர்த்தம். நீங்கள் முறைத்துக்கொண்டு பாட்டிலைத் திறந்தால் அவனும் முறைத்துக்கொண்டுதான் இருப்பான். ஒரு தடவை நீங்களே மச்சான் என்று கூப்பிட்டுப் பாருங்களேன். வாய் என்ன வெந்தா போய்விடும்? என் கல்யாணத்தன்று நான் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது.

வீட்டை ஒட்டடை அடித்துவிட்டேன். அவன் வருவானோ மாட்டானோ, அடிக்க வேண்டியதுதானே.


ஜூன் 10
மேல் கிராமம்

விசாரணைக்காரிக்கு,

சந்தோஷமான சேதியை எழுதி எனக்குப் பழக்கமில்லை. அதனால் கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் பேச்சைக் கேட்டு, ஆற்றங்கரை ஊரிலிருந்து ஏறி வரும் வழியில் மச்சான் என்று கூப்பிட்டேன். கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்கு என்ன குத்து விழுமோ என்று காத்திருந்தேன். ஒன்றும் விழவில்லை. திரும்பிப் பார்த்து லேசாகச் சிரித்தார், அவ்வளவுதான். அன்றைக்கு இங்கே வந்து சேர்ந்ததிலிருந்து மனுஷர் வேறு ஆளாகிவிட்டார். சத்தமில்லை, நக்கலில்லை. நேற்று பழைய காவல் கோபுரத்தைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனேன். மற்றவர்கள் மேலே ஏறிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கோபுரம் என்ன விலை போகும் மச்சான்?" என்று சும்மா வம்புக்குக் கேட்டேன்.

"விலை என்னத்துக்கு? இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. இத்தனை வருஷம் எல்லாவற்றுக்கும் விலை வைத்த மனுஷர், மலையைப் பார்த்ததும் மனசு இளகிவிட்டாரே என்று நினைத்தேன். அப்புறம் வெந்நீர் ஊற்றுப் பக்கம் போனோம். அவருடைய பூட்ஸ் கயிறு அவிழ்ந்திருந்தது. குனிந்து கட்டப் பார்த்தார், விரல் சரியாகப் போகவில்லை. குளிர் வேறு. காலை என் பக்கம் நீட்டினார்.

"கட்டி விடுங்க மாப்பிள்ளை" என்றார்.

மாப்பிள்ளை என்றார்! வேறு யாராவது என் முன்னால் காலை நீட்டியிருந்தால் எனக்கு எங்கே எரியும் என்று உனக்குத் தெரியும். நேற்று எனக்குக் கண்தான் கலங்கியது. கட்டி முடித்தபின் என் தோளில் கை வைத்துக்கொண்டார். "அவகிட்ட நான் அப்படி நடந்திருக்கக் கூடாது மாப்பிள்ளை" என்றார். உன்னைத்தான் சொன்னார்.

ராத்திரி தன் தட்டை அப்படியே வங்கிப் பையன்கள் பக்கம் தள்ளிவிட்டார். "இளசுங்க சாப்பிடட்டும்" என்றார். இன்று மதியம் தொங்குபாலம் பார்க்க எல்லோரும் போனோம், அவர் அறையிலேயே தூங்கினார். ஓய்வெடுக்கத் தெரிந்த மனுஷர்தான் மலை ஏறுவார் என்று நானும் விட்டுவிட்டேன். சாயங்காலம் ஒவ்வொருத்தரையும் கேள்வி கேட்டு, தரையில் கோடு போட்டுக் குதிகாலையும் கால் நுனியையும் ஒட்டவைத்து நடக்கச் சொல்லிப் பார்ப்பேன் இல்லையா? குடித்தவனைப் போலீஸ் நடக்கவிட்டுப் பார்க்கிற மாதிரி. மச்சானைப் போய் அப்படி நடங்கள் என்று எந்த வாயால் சொல்வது? நேற்றுத்தான் உறவு என்று ஒரு நூல் கையில் கிடைத்திருக்கிறது. அவர் மட்டும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

நாளை ஒருநாள் இங்கேதான். மறுநாள் மேலே இருக்கும் கல்வீட்டுக்கு ஏறி அங்கேயே தங்குவோம். அதற்கப்புறம் உச்சிதான். நீ சமையலுக்கு என்னவெல்லாம் வேண்டுமோ வாங்கி வைத்துக்கொள்.

முழங்கால் பரவாயில்லை.


ஜூன் 12

இதைப் படித்த நிமிஷமே அவனைக் கீழே இறக்குங்கள்.

பத்து நிமிஷத்தில் மேல்வழி பஸ் புறப்படுகிறது. ஜன்னலைச் சாத்திவிட்டு எழுதுகிறேன், வெளியே தட்டிக்கொண்டே இருக்கிறார்கள், தட்டட்டும். உங்களுக்கு என்ன ஆகிவிட்டது? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அடுத்தவரையெல்லாம் பார்க்கிற மனுஷருக்கு என் அண்ணன் என்றதும் கண் அவிந்துவிட்டதா? பேச்சு குறைந்தால், தட்டில் மிஞ்சினால், பகலில் தூங்கினால், கை கயிற்றைக் கட்டாவிட்டால் என்ன அர்த்தம் என்று எனக்குச் சொன்னது யார்? நீங்கள்தான். சாப்பாடு ஆறுகிறது என்று நான் கத்தக் கத்த ஒவ்வொரு சீசனும் முடிந்து வந்து உட்கார்ந்து சொன்னீர்களே!

அவன் இளகவெல்லாம் இல்லை. எனக்குத் தெரியாதா அவனை? டைபாய்டில் கிடந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு விலை பேசினவன். அப்பா போன அன்றுகூடத் தட்டைக் கழுவிவைத்த மாதிரி சாப்பிட்டுவிட்டுத்தான் அழுதான். அவன் ஒரு பொருளைப் பார்த்து இருந்துட்டுப் போகட்டும் என்று சொன்னான் என்றால் அவனுக்கு உடம்பு மோசமாக இருக்கிறது. நீங்கள் சந்தோஷத்தில் எழுதியிருக்கிறீர்கள். நான் ஒவ்வொரு வரியாகப் பயந்துகொண்டே படித்தேன்.

நான்தான் எப்பாடு பட்டாவது ஏற்றுங்கள் என்று கேட்டேன். இப்போது நான்தான் இறக்குங்கள் என்கிறேன். அவன் உங்களைத் திட்டுவான், என்னைத் தலை முழுகுவான், இனி இந்த ஜென்மத்தில் நம் வீட்டுப் பக்கம் வர மாட்டான். வர வேண்டாம். எங்கேயாவது உயிரோடு இருந்துகொண்டு பேசாமல் இருக்கட்டும். அப்படி இருந்து எங்களுக்குப் பழக்கம்தானே.

டிரைவர் ஹாரன் அடிக்கிறார்.


ஜூன் 14
ஆற்றங்கரை ஊர், ஆஸ்பத்திரி வராந்தா

விசாரணைக்காரிக்கு,

உயிருக்கு ஆபத்தில்லை. அதை முதலில் படித்துவிட்டு மற்றதைப் படி.

உன் கடிதம் வரும்போது நாங்கள் கல்வீட்டுக்கு ஏறிவிட்டோம். ராத்திரியே டிரைவர் ஜீப்காரரை எழுப்பிக் கொடுத்திருக்கிறார். ஜீப்காரர் மேல் கிராமம் வரைக்கும் வந்து, மண்ணெண்ணெய் சுமந்துகொண்டு ஏறுகிற ஆளிடம் கொடுத்துவிட்டிருக்கிறார். அவர் மதியம் வாக்கில் வந்து, "உங்க வீட்ல இருந்து, அவசரமாம்" என்று நீட்டினார். நின்ற இடத்திலேயே படித்தேன். படித்து முடிப்பதற்குள் எனக்கே எல்லாம் தெரிந்துவிட்டது. நேற்று முன்தினம் அவர் வழியில் இரண்டு தடவை தடுக்கினார். கல் என்று நினைத்தேன். அங்கே கல்லே கிடையாது.

உன் அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வெயிலில் கம்பளித் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. குச்சியால் தரையில் கோடு போட்டு, கையைப் பிடித்து எழுப்பி, இதன்மேல் நடங்கள் மச்சான் என்றேன். "வண்டி இன்னும் வரலையா?" என்று கேட்டார். இரண்டடி வைத்தார், அப்படியே பக்கவாட்டில் என்மேல் சரிந்துவிட்டார். பல் டாக்டரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

கீழே இறங்குகிறோம் என்றதும்தான் அவருக்குப் பழைய குரல் வந்தது. இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டார். "என் தங்கச்சியைத் தூக்கிட்டுப் போனது பத்தாதுன்னு என் மலையையும் புடுங்கப் பாக்குறியா?" என்று கத்தினார். கூடச் சில வார்த்தைகள், உனக்கு வேண்டாம். என் உதவியாளை மற்றவர்களோடு விட்டுவிட்டு, கல்வீட்டில் இருந்த ஆக்ஸிஜன் பாட்டிலை அவர் மூக்கில் மாட்டி, நானும் மண்ணெண்ணெய்க்காரரும் மாற்றி மாற்றி முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கினோம். மூட்டை தூக்குறவன் என்று சொன்னாரே. தூக்கினேன். கனமான மனுஷர். முழங்காலைப்பற்றிக் கேட்காதே.

மேல் கிராமத்திலிருந்து ஜீப். இங்கே வந்து படுக்கவைத்து ராத்திரி முழுக்க ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். மூளையில் நீர் கோத்துக்கொண்டிருந்ததாம். "இன்னும் ஒரு ராத்திரி மேல தூங்கியிருந்தா எந்திரிச்சிருக்க மாட்டாரு" என்றார் டாக்டர். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "நீங்க பழைய கைடாச்சே, எப்படி விட்டீங்க?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். எல்லோரையும் கோட்டில் நடக்கவைத்து, ஒருத்தரை மட்டும் மரியாதைக்காக விட்டேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

இன்று காலை கண் தெளிந்தது. உன் அண்ணன் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "கைடு, யாரைக் கேட்டு என்னை இறக்குனீங்க?" என்பதுதான். கடிகார மியூசியம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. காவல் கோபுரம் இல்லை. வெந்நீர் ஊற்று இல்லை. "அங்க உக்காந்து பேசினோமே மச்சான், அவளைப் பத்தி" என்று ஒரு முட்டாள் மாதிரி கேட்டேன். "யாருக்கு யாரு மச்சான்?" என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. உங்கள் தங்கச்சி எழுதாமல் இருந்திருந்தால் நீங்கள் இன்றைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். உன்மேல் அவருக்குப் பிரியம் வரும் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. அவர் முகம் மாறிவிட்டது. "அவளா எறக்கச் சொன்னா?" என்று ஒரு தடவை கேட்டார். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். இதுவரைக்கும் திரும்பவில்லை. சாப்பாடு மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆக, அவர் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதெல்லாம் காற்று போதாமல்தான் போலிருக்கிறது. எத்தனையோ பேரை இப்படி இறக்கியிருக்கிறேன், எனக்கு இது புதிதில்லை. ஆனால் பிரியமாக நாலு வார்த்தை பேசினால் உடம்பு சரியில்லையோ என்று சந்தேகப்பட வேண்டிய உறவு என்ன உறவு? எனக்கு அலுத்துவிட்டதம்மா. இன்னும் சொல்லப்போனால், அன்றைக்கு அந்த ஊற்றங்கரையில் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதையும் சேர்த்துத் தூக்கி எறிய வேண்டுமே என்றுதான் வயிறு எரிகிறது.

மற்ற ஐந்து பேரும் கல்வீட்டில் காத்திருக்கிறார்கள். நாளை நான் திரும்ப ஏற வேண்டும். உன் அண்ணனை டாக்டர் விட்டதும் தனியாகவே பஸ்ஸில் போய்க்கொள்வாராம். கூட ஆள் அனுப்புகிறேன் என்றேன், கேட்கவில்லை. உன் ஊர் வழியாகத்தான் மாறிப் போக வேண்டும். வீட்டுக்கு வருவார் என்று எதிர்பார்க்காதே. மன்னித்துக்கொள் என்று எழுதலாம் என்று பார்த்தேன். எதற்கு முதலில் கேட்பது என்று தெரியவில்லை.


ஜூன் 18

மலைக்காரருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் நன்றாகத் திட்டினேன், வாய்விட்டு, சமையலறையில் நின்றுகொண்டு. எதற்கு அவனிடம் என் பெயரை எடுத்தீர்கள்? அப்புறம் நீங்கள் அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கிய இடத்தை மறுபடி படித்தேன். அதற்கப்புறம் திட்டவில்லை. மன்னிப்பெல்லாம் வேண்டாம். இரண்டு பேரும் சேர்ந்துதான் ஆசைப்பட்டோம்.

நேற்று அவன் வந்தான்.

வீட்டுக்கு இல்லை. காலை நேரக் கூட்டம், வரிசை வாசல்வரைக்கும் போயிருந்தது. நான் தலையைத் தூக்காமல் பிளாட்பாரம், நேரம், பிளாட்பாரம், நேரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஜன்னலுக்கு முன்னால் ஒரு பெரிய உடம்பு வந்து வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நின்றது. என் கையிலிருந்த பேனா அப்படியே நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். நரைத்துவிட்டான். கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்து, கையில் ஆஸ்பத்திரி பிளாஸ்திரி. கல்யாணத்துக்கு முன்னால் பார்த்த முகத்தையே இத்தனை வருஷம் வைத்துக்கொண்டு சண்டை போட்டிருக்கிறேன்.

"தெற்கால போற பஸ் எத்தனை மணிக்கு, எந்தப் பிளாட்பாரத்துல நிக்கும், நடுவுல மாறணுமா, நேராப் போயிடுமா?" என்று கேட்டான். யாரோ ஒரு விசாரணைக்காரியிடம் கேட்கிற மாதிரி. என் பெயரைச் சொல்லவில்லை, தங்கச்சி என்று சொல்லவில்லை, முகத்தை நேராகப் பார்க்கவும் இல்லை. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. எழுந்து போய்ச் சட்டையைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. அப்புறம்தான் கவனித்தேன். அவ்வளவு நீளக் கேள்வியை நடுவில் எங்கேயும் நிற்காமல் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறான். இழுக்கவில்லை, திணறவில்லை. வார்த்தைக்கு வார்த்தை கணீரென்று இருந்தது.

பதில் சொன்னேன். நேரத்தைச் சொன்னேன், பிளாட்பாரத்தைச் சொன்னேன், மாற வேண்டாம் என்று சொன்னேன். "ஜன்னலோரமா உக்காரு, காத்து நல்லா வரும்" என்று சொன்னேன். அதை நான் வேறு யாரிடமும் சொல்வதில்லை. அவன் தலையை ஆட்டினான். அப்புறம் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அவன் போனபிறகுதான் எனக்கு உறைத்தது. அவன் நின்ற இடத்துக்கு நேர் எதிரே, சுவர் முழுக்கப் பஸ் நேரம் எழுதிய பலகை இருக்கிறது. தெற்கு பஸ்ஸெல்லாம் மேல் வரிசையில், உள்ளங்கை அளவு எழுத்தில், நேரமும் பிளாட்பாரமும். எழுத்துத் தெரிந்தவன் எவனும் அதற்காக வரிசையில் நிற்க மாட்டான். என் அண்ணன் நின்றிருக்கிறான், அத்தனை பேருக்குப் பின்னால், அப்போதுதான் ஆஸ்பத்திரிக் கட்டிலைவிட்டு எழுந்த உடம்போடு.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்து நின்ற அம்மா, "என்னாச்சும்மா, பஸ் ரத்தா?" என்று பதறிப்போய்க் கேட்டாள். இல்லை, எல்லாம் நேரத்துக்குப் போகிறது என்று அவளுக்குச் சொன்னேன்.